ஏக்கருக்கு 53,000 ரூபாய் ‘வாழை கிட்’: ஜி9-க்கு இது அத்தனையும் தேவையா?

சின்னமனூர் வாழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சின்னமனூர் பக்கம் இரண்டு ஏக்கரில் ஜி9 (கிராண்ட் நைன் ரகம்) திசு வாழைக் கன்று வைத்து ஒரு மாதம் ஆகிறது. ஆறுக்கு ஆறு அடி இடைவெளி, ஏக்கருக்கு 1,210 கன்று. அப்பா காலம் வரை வாய்க்கால் பாசனம், கையால் உரம் வைப்பது. இந்தத் தடவைதான் மானியத்தில் சொட்டு நீர் போட்டிருக்கிறோம், உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுத்து விடும் வென்சுரியும் இருக்கிறது.

வழக்கமாகக் கடன் தரும் உரக்கடையில் ஒரு ‘கிட்’ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு, அறுவடை வரைக்கும்:

19:19:19 – 50 கிலோ (கிலோ 150 ரூபாய்)
12:61:0 – 25 கிலோ (210)
13:0:45 – 50 கிலோ (190)
0:52:34 – 25 கிலோ (260)
0:0:50 – 50 கிலோ (140)
கால்சியம் நைட்ரேட் – 50 கிலோ (70)

இதற்கே 39,250 ரூபாய். இது போக ஹியூமிக், கடல்பாசி, நுண்ணூட்டம், ‘தார் சைஸ்’ என்று ஒரு டானிக், எல்லாம் சேர்த்து 14,000. மொத்தம் 53,250. “சொட்டு நீர் போட்டுவிட்டால் சாதாரண உரம் போடக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும்” என்கிறார்கள். சீனாவில் இருந்து சரக்கு வருவதில்லை, விலை இன்னும் ஏறும், இப்போதே மொத்தமாக எடுத்து வைத்துக்கொள் என்றும் சொல்கிறார்கள்.

இரண்டு ஏக்கருக்கு லட்சத்தைத் தாண்டுகிறது. வாழை விலை வெட்டுகிற அன்றுதான் தெரியும். இவ்வளவு போட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கம்பம் பன்னீர் எழுதியது:

நான் திராட்சைக்காரன். எங்களுக்கு 0:0:50 இல்லாமல் முடியாது. திராட்சைக்குக் குளோரைடு ஆகாது, சாதாரண பொட்டாஷில் பாதிக்குப் பாதி குளோரைடுதான். இலை ஓரம் கருகும். அதனால் விலை பார்க்காமல் சல்பேட் பொட்டாஷ் போடுகிறோம். வாழைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்று நினைக்கிறேன். வாழைக்காரர்கள் சொல்லட்டும்.

---

உத்தமபாளையம் உரக்கடை அக்கா எழுதியது:

தம்பி, நானும் உரக்கடைதான் வைத்திருக்கிறேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்து முடித்ததும் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டேன். நீங்கள் எழுதிய ஆறு சரக்கும் என் கடையிலும் இருக்கிறது, தினமும் விற்கிறேன். அவை நல்ல உரங்கள். ஆனால் இந்தச் சீட்டு வாழைக்காக எழுதிய சீட்டு இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன், நீங்களும் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

பையில் உள்ள மூன்று எண்ணும் நூறு கிலோவில் எத்தனை கிலோ தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பதுதான். சொட்டு நீர் வாழைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, மரத்துக்கு 200:30:300 கிராம். உங்கள் 1,210 மரத்தால் பெருக்கினால் ஏக்கருக்குத் தழைச்சத்து 242 கிலோ, மணிச்சத்து 36 கிலோ, சாம்பல்சத்து 363 கிலோ வேண்டும்.

இப்போது உங்கள் கிட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எல்லா மூட்டையையும் கூட்டினால் தழைச்சத்து 27 கிலோ கூட வரவில்லை. மணிச்சத்து சுமார் 38 கிலோ. சாம்பல்சத்து 65 கிலோ சொச்சம்.

கவனித்தீர்களா? வாழைக்கு ரொம்பக் கொஞ்சமாகத் தேவைப்படும் மணிச்சத்து முழுசாக வந்துவிட்டது. வாழை வாரி வாரித் தின்கிற சாம்பல்சத்து ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. தழைச்சத்து ஒன்பதில் ஒரு பங்கு. 39,250 ரூபாய் கொடுத்த பிறகும் நீங்கள் யூரியாவும் பொட்டாஷும் தனியாக வாங்கியே ஆக வேண்டும். வாங்காமல் கிட்டை மட்டும் நம்பினால் தார் தள்ளுகிற நேரத்தில் மரம் பசியோடு நிற்கும். எனக்கு இதில்தான் வருத்தம். பணம் போவது ஒரு பக்கம், உரம் போட்டாச்சு என்ற நிம்மதியில் விவசாயி இருப்பார், மரத்துக்குப் போயிருக்காது.

சரி, இந்த 363 கிலோ சாம்பல்சத்தை எதில் கொடுப்பது? இரண்டு வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முழுதும் 13:0:45-இல் கொடுத்தால் 807 கிலோ வேண்டும். உங்கள் கடை விலைக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், ஒரே ஏக்கருக்கு. அதில் கூடவே 105 கிலோ தழைச்சத்து வருகிறது, உண்மை. ஆனால் அந்த 105 கிலோவை யூரியாவில் வாங்கினால் ஐந்து மூட்டை. 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய், ஆக 1,350 ரூபாய்க்குள் முடியும்.

சாதாரண பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்சத்து. 605 கிலோ, அதாவது பன்னிரண்டு மூட்டை. 50 கிலோ மூட்டை 1,800 என்று வைத்தால் 22,000 ரூபாய்க்குள். சொட்டு நீரில் விடுவதற்கு வெள்ளைப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். சிவப்புப் பொட்டாஷில் உள்ள செம்மண் போன்ற கசடுதான் ஃபில்டரை அடைப்பது. வெள்ளை சற்றுக் கூடுதல் விலை சொல்வார்கள், கொடுக்கலாம். யூரியா தண்ணீரில் முழுதாகக் கரையும், அதில் அடைப்புப் பேச்சே இல்லை.

“சொட்டு நீரில் சாதாரண உரம் கூடாது” என்பதில் பாதிதான் உண்மை. டி.ஏ.பி.யும் சூப்பர் பாஸ்பேட்டும் சுத்தமாகக் கரையாது, அதை விடக் கூடாது. யூரியாவும் வெள்ளைப் பொட்டாஷும் தாராளமாக விடலாம். செலவைக் குறைக்க யூரியா, பொட்டாஷையே சொட்டு நீரில் விட்டு, மணிச்சத்தை இரண்டாம் மாதம் அடியில் வைத்துவிடுங்கள் என்று பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது. உங்களுக்கு இரண்டாம் மாதம் இனிமேல்தான் வருகிறது. மரத்துக்கு 190 கிராம் சூப்பர் வைத்தால் 30 கிராம் மணிச்சத்து கணக்கு முடிந்தது. ஏக்கருக்கு நாலரை மூட்டை. அதில் கந்தகமும் சுண்ணாம்பும் கூடவே வரும்.

தழையும் சாம்பலும் ஒன்பதாவது வாரத்தில் இருந்து வாரா வாரம். 18-ஆம் வாரம் வரை மொத்தத் தழைச்சத்தில் 30 சதவீதம், சாம்பலில் 20. 19 முதல் 30 வரை தழை 50, சாம்பல் 40. 31 முதல் 42 வரை தழை 20, சாம்பல் 32. கடைசி மூன்று வாரம் சாம்பல் மட்டும் 8. ஒரு அட்டையில் எழுதி மோட்டார் ரூமில் ஒட்டிவிடுங்கள், யார் தண்ணீர் விட்டாலும் தப்பாது.

19:19:19 பற்றி ஒரு விஷயம். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் தழைச்சத்தைப் பிரித்துப் போட்டிருக்கும்: நைட்ரேட் 4, அம்மோனியா 4.5, யூரியா 10.5. அதாவது அந்த 19-இல் பாதிக்கு மேல் யூரியாவே. நாற்றங்காலுக்கு, இலைவழித் தெளிப்புக்கு, வேர் பிடிக்காத கன்றுக்கு அருமையான உரம், நானே பரிந்துரைப்பேன். மூன்று சத்தையும் சமமாகக் கேட்காத வாழைக்கு மூட்டை மூட்டையாக எதற்கு?

0:0:50 உங்களுக்கும் வேண்டும், ஆனால் தார் தெளிப்புக்கு. கடைசிச் சீப்பு விரிந்ததும் ஒரு முறை, முப்பது நாள் கழித்து ஒரு முறை, 1.5 சதவீதக் கரைசல், லிட்டருக்கு 15 கிராம். தாருக்குக் கால் லிட்டர் என்று வைத்தாலும் இரண்டு தெளிப்புக்கும் சேர்த்து ஏக்கருக்கு ஒன்பது, பத்து கிலோ போதும். காய் திரட்சியும் நிறமும் கண்ணுக்குத் தெரிகிற செலவு இது. வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தவற விடுவதில்லை.

நுண்ணூட்டத்துக்குப் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா பனானா ஸ்பெஷல்’ இருக்கிறது, திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தின் ‘பனானா சக்தி’ இருக்கிறது. பனானா ஸ்பெஷல் லிட்டருக்கு ஐந்து கிராம். பதினைந்து லிட்டர் டேங்குக்கு இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் சேர்க்கச் சொல்வார்கள். சாறு தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும், ஷாம்பு வாழை இலை மெழுகில் கரைசலை ஒட்ட வைக்கும். கம்பெனி நுண்ணூட்டம் எல்லாம் கெடுதல் என்று சொல்லவில்லை. வாழைக்கென்றே கணக்கிட்டுச் செய்தது கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை முதலில் பாருங்கள் என்கிறேன்.

அப்புறம் அந்த 14,000 ரூபாய் டானிக். ஹியூமிக், கடல்பாசி போன்றவற்றை 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து விற்ற சந்தை அது. தற்காலிக அனுமதியில் ஓடிக்கொண்டிருந்த சரக்குகளுக்கு 2025 ஜூன் 16-உடன் கெடு முடிந்தது. முப்பதாயிரம் வகை விற்றுக்கொண்டிருந்தது, வடிகட்டிய பிறகு அறுநூற்று ஐம்பது போல மிஞ்சியிருக்கிறது என்று மத்திய வேளாண் அமைச்சரே சொன்னார். ஆகையால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, தயாரிப்பவர் முகவரி, தொகுதி (பேட்ச்) எண் எல்லாம் இருக்க வேண்டும். ‘தார் சைஸ்’ என்று பெயர் மட்டும் பெரிதாக எழுதி, உள்ளே என்ன என்று எழுதாத பாட்டிலை என் கடைக்குள் விடுவதில்லை.

கடைக்காரர்கள் ஏன் கிட் எழுதுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவர்மேல் கோபப்பட வேண்டாம். யூரியாவில் எங்களுக்கு வைத்திருக்கும் லாபம் 2018 கணக்குப்படி டன்னுக்கு 354 ரூபாய். மூட்டைக்கு 16 ரூபாய் வருகிறது. அதில் இறக்குக்கூலி, வாடகை, கைரேகை மெஷின் முன்னால் நிற்கும் நேரம் எல்லாம் போக வேண்டும். நீரில் கரையும் உரத்துக்கு மானியமும் கிடையாது, விலைக் கட்டுப்பாடும் கிடையாது. ஒரு 25 கிலோ பையில் கிடைப்பது பல மூட்டை யூரியாவில் கிடைக்காது. யூரியா லோடு வேண்டுமென்றால் இந்தச் சரக்கையும் எடு என்று மேலே இருந்து எங்கள் தலையில் கட்டுவதும் உண்டு. கடனுக்குக் கொடுத்துப் பத்து மாதம் காத்திருப்பவர் அந்த வட்டியையும் எங்கேயோ வைத்தாக வேண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சீட்டு.

---

தளி பசுமைக்குடில் எழுதியது:

அக்கா சொன்னது வாழைக்கு முழுக்கச் சரி. பசுமைக்குடில்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு யூரியா, பொட்டாஷுக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் குடைமிளகாய், தென்னை நார்க் கழிவுப் பைகளில். அங்கே மண் கிடையாது. மண் இருந்தால் சத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், யூரியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிக் கொடுக்கும். எங்கள் பையில் இன்று விட்டதுதான் செடிக்கு இன்றைய சாப்பாடு. அதனால் தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட்டாகவே போக வேண்டும், குளோரைடு சேரக் கூடாது.

இரண்டு தொட்டி. ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். இன்னொன்றில் 0:52:34, 0:0:50, மெக்னீசியம் சல்பேட், மற்ற நுண்ணூட்டங்கள். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. அடர்த்தியாகக் கலந்த உடனே ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாகத் திரியும். தம்பியின் கிட்டில் ஆறும் இருக்கிறது, எந்த நாளில் எது என்று கடையில் எழுதிக் கொடுத்தார்களா? ஒரே நாளில் எல்லாவற்றையும் கலந்து விட்டால் டிரிப்பர் (சொட்டுவான்) அடைப்பது அதனால்தான். சாதாரண உரம்மேல் பழி போடுகிறார்கள்.

சீனா விஷயம் எங்களை நேரடியாக அடித்தது. 2025 நடுவில் பரிசோதனை, அனுமதி என்று சொல்லி இந்தியாவுக்கு வரும் சரக்கை நிறுத்தினார்கள். நாம் இறக்குமதி செய்யும் சிறப்பு உரத்தில் 80 சதவீதம் போல அங்கிருந்துதான் என்று தொழில்துறையினரே சொன்னார்கள். ஆகஸ்டில் அவர்கள் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தபோது தளர்த்துவதாகப் பேச்சு. அக்டோபரில் மறுபடி இறுக்கினார்கள். 13:0:45 சிலி, இஸ்ரேல், ஜோர்டானில் இருந்தும் வரும் என்பதால் கிடைக்காமல் போகவில்லை, விலை கூடியது. எனக்கு மாற்று வழி இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு இருக்கிறது.

---

சின்னமனூர் வாழை எழுதியது:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. கலக்கும் முறை எதுவும் எழுதித் தரவில்லை. நேற்று தண்ணீர் பரிசோதனை முடிவு வந்தது: உப்பு அளவு 0.9, கார அமில நிலை 8.2. மண்ணும் சுண்ணாம்பு மண் என்று போட்டிருக்கிறார்கள். இந்தத் தண்ணீருக்கு வெள்ளைப் பொட்டாஷ் ஆகுமா? சீனாவை நினைத்து எதையாவது முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டுமா? கடைக்காரரிடம் கடன் இருக்கிறது, முகத்தை முறித்துக்கொள்ள முடியாது.

---

உத்தமபாளையம் உரக்கடை அக்கா எழுதியது:

தளித் தம்பி சொன்னது முக்கியம். மண்ணில்லாப் பயிர், திராட்சை, ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றின் கணக்கு வேறு.

0.9 உப்புக்கு வெள்ளைப் பொட்டாஷ் தாராளமாகப் போடலாம், வாராவாரம் சிறிது சிறிதாகப் பிரித்து. 1.5-ஐத் தாண்டும் போர் தண்ணீராக இருந்திருந்தால் வாழைக்கும் பாதியை 0:0:50-க்கு மாற்றச் சொல்லியிருப்பேன். கோடையில் போர் தண்ணீர் கீழே போகும்போது இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு மண் என்பதால் கால்சியம் நைட்ரேட் 50 கிலோவை இப்போதைக்கு விட்டுவிடலாம், மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. அதை வாங்கிச் சேர்த்து வைக்கவும் கூடாது. காற்றில் ஈரத்தை இழுத்து ஐப்பசி மழையில் கூழாகிவிடும். உங்கள் மண்ணில் வரப்போகும் தொல்லை இரும்பும் துத்தநாகமும்தான். குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. அப்போது மண்ணுக்கு ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தில் கட்டிய இரும்பு வாங்காதீர்கள், 8-க்கு மேல் கார நிலையில் அது நிற்காது. அதற்குப் பதில் வாங்க வேண்டிய இரும்பில் ஈ.டி.டி.ஹெச்.ஏ. என்று போட்டிருக்கும், கருஞ்சிவப்பாக இருக்கும், விலை அதிகம், பாதிப்புள்ள மரங்களுக்கு மட்டும் வையுங்கள். இந்த இடத்தில் சிறப்பு உரம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். நுண்ணூட்டத்துக்கு ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பரில் 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

முன்கூட்டி வாங்க வேண்டியது தார் தெளிப்புக்கு இருபது கிலோ 0:0:50 மட்டும். கன்று பருவத்துக்கு 12:61:0 ஐந்து கிலோ எடுத்தால் போதும். 17:44:0 கிடைத்தால் அது இன்னும் நல்லது. அதன் அமிலத்தன்மை உங்கள் 8.2 தண்ணீருக்கு உதவும், லேட்டரலில் (வரிசைக்கு வரிசை ஓடும் சிறு குழாயில்) படியும் சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைக்கும்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, வெள்ளைப் பொட்டாஷ் இருபத்து நாலு மூட்டை, யூரியா இருபத்து நாலு, சூப்பர் ஒன்பது, இதை நீங்களே கொடுங்கள், மாதா மாதம் எடுத்துக்கொள்கிறேன். தெளிப்புச் சரக்கும் உங்களிடமே.” இரண்டு ஏக்கருக்கு எந்தக் கடைக்கும் அது நல்ல வியாபாரம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், தொகுதி எண்ணோடு. சந்தேகம் வந்தால் வேளாண் அலுவலர் மாதிரி எடுத்து உர ஆய்வகத்துக்கு அனுப்புவார், பில் இல்லாமல் அது நடக்காது.

கரைக்கும்போது ஒன்று. யூரியாவோ 13:0:45-ஓ போட்டால் தண்ணீர் சில்லென்று ஆகும், அதனால் கடைசியில் கரைவது மந்தமாகும். காலையில் ஊற வைத்து வெயில் ஏறியதும் விடுங்கள். 0:0:50 எப்போதுமே மெதுவாகக் கரையும், 200 லிட்டர் டிரம்மில் இருபது கிலோவுக்கு மேல் கொட்டாதீர்கள். உரம் விட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

---

சின்னமனூர் வாழை எழுதியது:

கேட்டேன் அக்கா. பொட்டாஷும் யூரியாவும் மாதா மாதம் தருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளைப் பொட்டாஷ் தேனியில் இருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்கிறார். சூப்பர் நாளைக்கே ஏற்றுகிறேன். டிரிப்பரில் ஏற்கெனவே வெள்ளைப் படிவு தெரிகிறது, ஆசிட் விட வேண்டுமா?

---

உத்தமபாளையம் உரக்கடை அக்கா எழுதியது:

ஒரு மாதத்தில் படிந்தால் உங்கள் தண்ணீருக்கு ஆசிட் வேண்டியிருக்கும். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, லேட்டரல் முனைகளைத் திறந்து விட்டுப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் சொட்டு நீர் போட்டுக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் ஆசிட் விடுங்கள், அளவு உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றவே கூடாது. அன்றைக்கு உரம் எதுவும் கலக்காதீர்கள்.